யார் பிணை நிற்பார்?



அச்சுவேலியிலுள்ள சான்றுபெற்ற பாடசாலையிலிருந்து சிறுவர்கள் தப்பியோடினர் என்னும் செய்தியை நாளிதழ்களில் வாசித்திருப்பீர்கள். வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். செய்தியாக வராத ஓட்டங்களும் உள்ளன. நன்னடத்தைக் கட்டளையுடன் நீதிமன்றம் பெற்றோரிடமே ஒப்படைத்த பிள்ளை, ஒருநாள் விடியுமுன் வீட்டை விட்டுப் போய்விடுகிறான். அயலவர் கேட்டால், 'வவுனியாவில் மாமா வீட்டில் நிற்கிறான்' என்று பதில் வருகிறது. மாமாவுக்கு அது தெரியாது.

நன்னடத்தைக் கண்காணிப்பு என்பது சிறைக்குப் பதிலான சிறிய சிறை அன்று. 1841இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜோன் ஒகஸ்டஸ் என்னும் சப்பாத்துத் தொழிலாளி, குடிவெறிக் குற்றத்துக்காக மன்றில் நின்ற ஒருவருக்குத் தாமே பிணை நின்று, அவரைத் தம் பொறுப்பில் அழைத்துச் சென்றார். சில வாரங்களின் பின் அம்மனிதர் தெளிந்தவராக மன்றுக்குத் திரும்பினார். நன்னடத்தைக் கண்காணிப்பின் தொடக்கம் அதுவே. இலங்கையில் 1944ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வடிவம் கொடுத்தது. இன்று உத்தியோகத்தர், அறிக்கை, தவணைத் திகதி என்பனவெல்லாம் உண்டு. ஒருவருக்காக இன்னொருவர் முன்வந்து நிற்பது என்னும் மூலக் கருத்து மட்டும் நமது மனங்களில் மங்கிவிட்டது.

வீட்டை விட்டு ஓடினால் கட்டளையை மீறியதாகும். நிலையம் ஒன்றுக்கு அனுப்பப்படவும் கூடும். இது பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் ஓடுகிறான்? கெட்ட சகவாசம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நமக்கு வசதியானது. கஞ்சாவும் 'ஐஸ்' போதைப்பொருளும் வாள்வெட்டுக் குழுக்களும் குடாநாட்டில் இல்லை என்று எவரும் சொல்லமாட்டார். எனினும் அவன் எங்கே போகிறான் என்பதோடு எதைவிட்டுப் போகிறான் என்பதையும் பார்க்கவேண்டும். தந்தை வெளிநாட்டில்; தாய் வேலைக்குப் போனால் வீட்டில் அம்மம்மா மட்டும். அல்லது தந்தை வீட்டில்தான், ஆனால் மாலையானால் வெறியில். பாடசாலை ஏதோ காரணம் சொல்லி அவனைத் திரும்பச் சேர்க்கத் தயங்குகிறது. அக்காவுக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறது. பார்க்க வருபவர்களின் கண்ணில் அவன் படக்கூடாது என்று பின்னறையில் இருத்தப்படுகிறான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மாமன் மகனின் பரீட்சைப் பெறுபேறு பேசப்படுகிறது. தவணை நெருங்க நெருங்க, வீட்டில் எவரும் அவனோடு பேசுவதில்லை. அவனைப் பற்றியே பேசுகிறார்கள். தவறு செய்தவன் என்னும் பெயரை வீதியில் சுமக்கலாம், உண்ணும் இடத்திலும் உறங்கும் இடத்திலும் சுமப்பது பதினைந்து வயதுக்கு இயலாத காரியம்.

அடியும் ஒரு காரணம். நீதிமன்றம் பிரம்படித் தண்டனை விதிக்கும் அதிகாரம் இந்நாட்டில் 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் நீக்கப்பட்டது. நீதவான் பிரம்பைக் கீழே வைத்து இருபது ஆண்டுகளாகியும், நமது வீட்டுக் கூரைகளில் அது இன்னும் செருகியே இருக்கிறது.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுட் பலர் குற்றம் செய்தவர்களாக அன்றி, பாதுகாப்பு வேண்டியவர்களாகவே மன்றுக்கு வருகிறார்கள். ஊர் அந்த வேறுபாட்டை ஏற்பதில்லை. ஆலய முற்றத்தில் ஒரு பார்வையே போதும், அப்பிள்ளை மறுஞாயிறு திருப்பலிக்கு வராதிருக்க.

இனி, ஓடுவது எப்போது நிற்கிறது? அதே பொஸ்ரன் நகரில், சீர்திருத்தப் பாடசாலைகளில் இருந்த 500 சிறுவர்களைப் பற்றி குளூக் தம்பதியர் 1940களில் விரிவான ஆய்வொன்றை நடத்தினர். பல ஆண்டுகளின் பின் ஜோன் லோப், ரொபேட் சாம்சன் என்னும் அறிஞர்கள் அவர்களுட் பலரை எழுபது வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தனர். மிகப் பெரும்பாலோர், வெவ்வேறு வயதில், குற்றத்தை விட்டிருந்தார்கள். அவர்களை நிறுத்தியவற்றுள் நிலையான வேலையும் நல்ல இல்லறமும் முதன்மையானவை. நாள்தோறும் போகவேண்டிய ஓர் இடமும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஓர் ஆளும் கிடைத்தபோது, ஓட்டத்தை அவர்கள் தாமாகவே விட்டார்கள். வயதும் துணை செய்தது. நமது கரையோரப் பங்குகளில் இது புதுமையன்று. அடங்காதவன் என்று பெயரெடுத்த பெடியன், சம்மாட்டி ஒருவரின் படகில் நம்பிக்கையான ஆளாகிவிட்ட கதையை மூத்தோரிடம் கேட்டுப் பாருங்கள்.

புனித பவுல் பிலமோனுக்கு எழுதிய கடிதத்தை ஐந்து நிமிடத்தில் வாசித்துவிடலாம். தலைவனிடமிருந்து ஓடிப்போன ஒனேசிமுவைப் பவுல் சிறையிலிருந்து திருப்பி அனுப்புகிறார். வெறுங்கையோடு அனுப்பவில்லை, அவன் பட்ட கடன் ஏதும் இருந்தால் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி கைப்பட எழுதிக் கொடுக்கிறார். தனியாகவும் அனுப்பவில்லை, கொலோசையர் திருமுகத்தின்படி மற்றொரு சகோதரர் அவனோடு பயணம் செய்கிறார். ஓடிப்போனவனுக்குத் திரும்பி வரும் வழியே கடினமானது என்பதைப் பவுல் அறிந்திருந்தார். ஊதாரி மைந்தனின் தந்தையைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டுவிட்டோம். வழித்துணையாகச் சென்ற இந்தச் சகோதரரைப் பற்றி எவரும் பேசக் கேட்டதில்லை.

அந்த வழித்துணைக்குரிய ஒருவரை நமது திருச்சபை ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னமே நியமித்திருக்கிறது. ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் திருமுழுக்கன்று சங்கிலி போட்டுப் படம் எடுத்துக்கொண்டதோடு தம் கடமை முடிந்ததாக எண்ணுகிறார்கள். பிள்ளை மன்றில் நிற்கும் நாளிலே அவர்களைக் காணவில்லை. பெற்றோர் களைத்து, வெட்கப்பட்டு, கோபத்தில் பேசத் தெரியாமல் நிற்கும் வேளையில், கோபமில்லாத மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தரைப் பிள்ளை ஓடிய பின்னரல்ல, ஓடுமுன்னர் சென்று சந்திக்கவும், அதிபரிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கவும், படகிலோ பட்டறையிலோ ஒரு வேலை பழக இடம் தேடிக் கொடுக்கவும் அவரால் முடியும். அன்பியக் கூட்டங்களில் இதனைப் பேசலாம், பிள்ளையின் பெயரைச் சொல்லாமல்.

போய்விட்ட பிள்ளையை மறைத்து வைக்காதீர்கள். அன்றைக்கே உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். சிறுவர்களுக்கான 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. அவன் திரும்பி வந்தால், அந்த இரவில் எங்கே போனாய் என்று கேட்கவேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மற்றக் கேள்விகளை விடிந்தபின், ஞானத்தகப்பனும் வந்து உட்கார்ந்த பிறகு கேட்கலாம்.