முகவரியில் ஓர் எழுத்து

அஞ்சற்காரர் தெருவறிந்தவர், கதவெண் பிழைத்தாலும் ஆளைத் தேடிக் கடிதத்தைச் சேர்ப்பித்துவிடுவார். மின்னஞ்சலிடம் அந்தப் பரிவில்லை. ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் அதற்கு அது வேறு முகவரியே.

அலுவலகங்களில் திரும்பி வரும் மடலைக் கண்டு சினந்து, படியாமலே அழித்துவிடுவோர் பலர். அது தவறு. திரும்பியதன் காரணம் அம்மடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1982-இல் வகுக்கப்பட்ட அஞ்சல் நெறிமுறைப்படி, 550 என்னும் எண் பெரும்பாலும் அப்பெயரில் அஞ்சற்பெட்டியே இல்லை என்பதைக் குறிக்கும், முகவரியைத் திருத்துக. 4-இல் தொடங்கும் எண் தற்காலிகத் தடையைக் குறிக்கும், சற்றே பொறுத்திருக்க. நம் மடல் சென்று சேர்ந்தும் அதற்கான மறுமொழி மட்டும் திரும்பினால், நம் கணக்கில் பதிந்துள்ள மறுமொழி முகவரியைச் சரிபார்த்தல் வேண்டும். பழைய முகவரியைத் தானே நிரப்பித் தரும் கணினியின் நினைவையும் களைந்தாக வேண்டும்.

உண்மையில், திரும்பி வரும் மடல் நம்மை எச்சரிக்கும் நண்பன். திரும்பாமல் அந்நியர் கையில் சேரும் மடலே ஆபத்தானது. அமெரிக்கப் படைத்துறையின் முகவரிகள் 'மில்' என முடிவன. ஆங்கிலத்தில் அதன் நடுவிலுள்ள 'ஐ' எழுத்து விடுபட்டால் அது மாலி நாட்டுக்குரிய முகவரியாகிவிடும். அவ்வாறு மருத்துவக் குறிப்புகளும் பயணத் திட்டங்களும் அடங்கிய மடல்கள் பல்லாண்டுகளாகத் தவறிச் சென்றமை 2023-இல் வெளிப்பட்டது.

மாணவ மணிகளே! நாளை அலுவலக நாற்காலியில் அமரும்போது, மடலை அனுப்புமுன் முகவரியை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பிறரைப் பற்றிய செய்தி நம்மிடம் உள்ள அடைக்கலப் பொருள். அதனை உரியவரிடம் சேர்ப்பது கணினியின் கடனன்று, அனுப்புகிறவரின் கடன்.