ஐயத்தின் பெயரால்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 20 நெருங்கும்போது அதே வினாக்கள் மீண்டும் சுற்றுக்கு வருகின்றன. காற்றில்லாத நிலவில் கொடி ஏன் அசைந்தது? படங்களில் விண்மீன்கள் ஏன் இல்லை? இவற்றைப் பகிர்வோரில் கல்லூரி ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் இருப்பதுதான் கவலைக்குரியது. அவர்களுள் பலர் நிலவுப் பயணம் பொய் என்று நம்புவதாகக்கூடச் சொல்வதில்லை. எதையும் கேள்விக்குட்படுத்துவதே ஆய்வு மனப்பான்மை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். நம்புகிறவரோடு வாதிடலாம், வினாவை எறிந்துவிட்டு விடைக்குக் காத்திராதவரோடு வாதிட இயலாது.

கொடிக்கும் விண்மீனுக்கும் விடை சொல்ல அதிக இடம் வேண்டாம். கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி ஒன்றைச் செருகியிருந்தார்கள். கம்பத்தைத் திருகி நடும்போது துணி ஆடியது. அந்த ஆட்டத்தைத் தணிக்கக் காற்றும் இல்லை. வெயில் பட்டு ஒளிரும் தரைக்கேற்பக் கேமராவை அமைத்தால் மங்கலான விண்மீன்கள் பதிவாகமாட்டா. இரவில் தெருவிளக்கின் கீழ் நிற்பவரைப் படம் எடுத்தவர் எவருக்கும் இது தெரியும். பல பத்தாண்டுகளாகக் கிடைக்கும் விடைகள் இவை. விடை கிடைத்த பின்னும் அதே வினாவை அதே சொற்களில் கேட்பதற்கு ஐயம் என்று பெயரில்லை.

இச்செய்திகளின் மொழியைக் கவனித்தால் ஒன்று புலப்படும். வினைகள் பெரும்பாலும் செயப்பாட்டில் இருக்கின்றன: மறைக்கப்பட்டது, நடிக்கப்பட்டது, அழிக்கப்பட்டது. செய்தவர் யார் என்பது வாக்கியத்தில் இல்லை. 'நாசா' என்ற ஒற்றைச் சொல் அந்த இடத்தைப் போலியாக நிரப்பிக்கொள்கிறது. உண்மையான எழுவாய்களை இட்டு நிரப்பினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும்.

1969 முதல் 1972 வரை ஆறு அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ கல்லும் மண்ணும் அமெரிக்கப் பெட்டகங்களில் மட்டும் பூட்டிக் கிடக்கவில்லை. அவற்றின் சிறு பகுதிகளைப் பெற்ற வெளிநாட்டு ஆய்வகங்களுள் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்று. தேவேந்திர லால், நரேந்திர பண்டாரி முதலியோர் அங்கே அக்கற்களில் காஸ்மிக் கதிர்த் தடங்களை ஆராய்ந்தார்கள். இரும்பு போன்ற கனமான அணுக்கருக்கள் படிகத்துக்குள் பாயும்போது நுண்ணிய சேதக் கோடுகளை விட்டுச் செல்கின்றன. வேதிக் கரைசலில் அரித்தெடுத்தால் அக்கோடுகள் நுண்ணோக்கியில் தெரியும். சூரியச் சீற்றங்களிலிருந்து வரும் துகள்களின் தடங்கள் கல்லின் வெளிப்பரப்பில் அடர்ந்து, ஒரு மில்லிமீட்டர் உள்ளே செல்வதற்குள் வேகமாகக் குறைகின்றன. புவிப் பாறையில் இது நேராது. வளிமண்டலம் அத்துகள்களைத் தடுத்துவிடும். விண்கல்லை எடுத்து ஏமாற்றியிருக்கலாமே என்றால், விண்கல் வளிமண்டலத்தில் நுழையும்போது முதலில் உருகி அழிவதே அந்த வெளித்தோல்தான். பல இலட்சம் ஆண்டுகள் திறந்த வெளியில் கிடந்து, தோல் கெடாமல் வந்து சேர்ந்த கல் அது. பயணமே பொய் என்பவர், பம்பாய் ஆய்வாளர்கள் ஏமாளிகளா, கூட்டாளிகளா என்பதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வழி அவர்களுக்கு இல்லை.

எழுவாய்ப் பட்டியல் இத்துடன் முடிவதில்லை. ஈகிள் இறங்கிய நாளில் சோவியத்தின் லூனா 15 நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் மோதி நொறுங்கியது. இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் தொலைநோக்கி இரு கலங்களின் குறிகைகளையும் பின்தொடர்ந்தது. பொய்யை அம்பலப்படுத்தினால் மிகுந்த ஆதாயம் பெறக்கூடிய மாஸ்கோ அன்று அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போலோ 11-இன் மூலத் தரவு நாடாக்களை மீண்டும் பயன்படுத்துவதற்காக அழித்திருக்கக்கூடும் என்று நாசாவே 2009இல் தெரிவித்தது. வருந்தத்தக்க அலட்சியம் அது. ஆனால் அன்று ஒளிபரப்பான காட்சிகளின் பதிவுகள் இன்றும் இருக்கின்றன. மற்ற ஐந்து பயணங்களின் சான்றுகளும் இருக்கின்றன. ஆவணக் காப்பகத்தின் கவனக்குறைவை ஒரு சதியின் தடயமாக வாசிப்பவர், தம் பல்கலைக்கழகத்தில் காணாமற்போன ஆய்வேடுகளையும் அப்படித்தான் வாசிப்பாரா?

பிறகு ஏன் போகவில்லை என்ற வினாவுக்கு வரவுசெலவுக் கணக்கே விடை. 1966இல் அமெரிக்க அரசின் செலவில் நாசாவின் பங்கு 4 விழுக்காட்டுக்கும் மேல். அண்மை ஆண்டுகளில் அரை விழுக்காட்டையும் எட்டவில்லை.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியதைக் கொண்டாடிய சிலரே, ஐம்பதாண்டுகளுக்கு முன் இது எப்படி முடிந்திருக்கும் என்றும் எழுதுகிறார்கள். அவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சந்திரயான்-2 சுற்றுக்கலனின் உயர்தெளிவுக் கேமரா 2021இல் அப்போலோ 11, 12 இறங்கிய இடங்களைப் படமெடுத்திருக்கிறது. அங்கே விட்டுவந்த இறங்குகலத்தின் கீழ்ப்பகுதி அதில் தெரிகிறது. 'நடிக்கப்பட்டது' என்ற வாக்கியத்தின் எழுவாயில் இஸ்ரோவையும் சேர்க்கிறார்களா என்று அவர்களே எழுதட்டும்.