பெரி. சுந்தரமும் மறதியின் அரசியலும்

மலையகத் தமிழரின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுவோர் பலர், 1939ஆம் ஆண்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியதிலிருந்தே தொடங்குகின்றனர். சற்றுப் பின்னோக்கிச் செல்வோர் கோ. நடேசய்யரின் தொழிற்சங்கப் பணியோடு நின்றுவிடுகின்றனர். கண்டிக்கு அண்மையிலுள்ள மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் 1890இல் பிறந்து, கண்டித் திரித்துவக் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் கற்று, 1931இல் இந்நாட்டின் அமைச்சர்களுள் ஒருவரான பெரி. சுந்தரம் இவ்வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பாகவே ஒடுங்கிவிடுகின்றார். இம்மறதி தற்செயலானதன்று.

டொனமூர் அரசியலமைப்பின்கீழ் அரசாங்க சபை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்கியது. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவு செய்தது, அத்தலைவரே அமைச்சரானார். ஆகவே, அற்றன் தொகுதியின் பிரதிநிதியான பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானமை தேசாதிபதி இட்ட பிச்சையன்று. சக உறுப்பினரின் தெரிவால் அமைந்தது. அவ்வேளை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பால் வடக்கின் நான்கு தொகுதிகள் வெறுமையாய்க் கிடந்தன. முதலாவது அமைச்சர் சபையிலிருந்த ஒரே தமிழர் தோட்டத்திற் பிறந்தவரே. பகிஷ்கரிப்பின் பெருமையை ஏடு ஏடாகப் பேசும் நமது வரலாற்றுணர்வு, அந்த ஒருவரைப் பற்றி ஒரு பந்தியேனும் எழுதத் தயங்குவது ஏன்?

ஆங்கிலக் கல்வி பெற்ற கனவான், தொழிலாளரின் துயரறியாதவர் என்பது அவர்மீது சுமத்தப்படும் பழி. சேர். பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொடங்கிய தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தில் செயலாளராய் உழைத்தவர் இவரே என்பதை இப்பழி மறைக்கின்றது. தொழிலாளியின் கடனைத் துண்டிலெழுதி, அக்கடனோடு அவனையும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறைக்கு எதிராக அச்சங்கம் போராடியது. 1921இல் அம்முறை தடைசெய்யப்பட்டது. அவர் அமைச்சராயிருந்த காலத்திலேயே 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும் நிறைவேறின. தொழிற்சாலையில் விரலிழந்தவன் இரந்து நின்ற நிலை மாறி, உரிமையோடு கேட்கும் நிலை பிறந்தது. பின்னாளிற் பேரியக்கங்களாய் வளர்ந்த சங்கங்கள் பதிவு பெற்றதும் இச்சட்டத்தின்கீழேயாம்.

அவரிடத்துக் குறையில்லையென்று வாதிடுதல் இங்கு நோக்கமன்று. உலகப் பொருளாதார மந்தத்தின்போது தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்சச் சம்பளம் வெட்டப்பட்டது. தொழில் அமைச்சு அவர் கையிலிருந்த காலம் அது. அமைச்சர் நாற்காலி அவ்வெட்டைத் தடுக்கவில்லை. தொழிலாளரிடையே இறங்கி அமைப்புக் கட்டிய நடேசய்யரை 1936இல் அற்றன் மக்கள் தெரிவு செய்தமைக்குத் தக்க காரணம் உண்டு. எனினும், குறையுடையவரை ஆராய்வது வேறு, அழித்துவிடுவது வேறு. சட்டமன்றத்திற் போராடியவரையும் லயத்திற் போராடியவரையும் எதிரெதிரே நிறுத்தி ஒருவரைத் துறப்பது வரலாறாகாது, கட்சி கட்டுதலேயாகும்.

இம்மறதியால் ஆதாயம் அடைந்தோர் வேறிடத்தில் உள்ளனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தை நியாயப்படுத்தியோர், தோட்டத் தமிழர் இம்மண்ணில் வேரற்ற அந்நியர், இந்நாட்டின் பொதுவாழ்விற் பங்கற்றோர் என்றனர். மடுல்கலையிற் பிறந்து, கண்டியிற் கற்று, நாட்டின் தொழிற் சட்டங்களை ஆக்குவதிற் பங்கேற்ற ஒருவரின் வாழ்வே அக்கூற்றுக்குப் போதிய மறுப்பாகும். அச்சமூகத்தவரை அமைச்சராய் ஏற்ற நாடு, பதினேழே ஆண்டுகளில் அச்சமூகத்தின் பெரும்பகுதியை நாடற்றோராக்கியது. 1964இல் அரசுகள் இரண்டு அம்மக்களைத் தலையெண்ணிப் பங்கிட்டன. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருப்பே விதியாயிற்று.

1957இல் மறைந்த பெரி. சுந்தரத்துக்குச் சிலை எழுப்புதல் இன்றைய தேவையன்று. பேராதனையிலிருந்து மடுல்கலை நெடுந்தொலைவன்று. அரசாங்க சபையின் அறிக்கைகளைப் புரட்டி, அவர் எதைக் கேட்டார், எதில் தோற்றார், எங்கே மௌனமானார் என ஆராயும் கடமை பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கு உண்டு. தன் முன்னோரின் வெற்றி தோல்விகளை அறியாத சமூகத்துக்கு, பிறர் எழுதும் வரலாறே விதியாய் அமையும்.