நடுங்கும் மோட்டாருக்கு எலுமிச்சம்பழமா?

காலையில் கிளப்பும்போது மோட்டார் வண்டி முறைக்காய்ச்சல் கண்டவனைப்போல் நடுங்குகின்றது என்று வைத்துக்கொள்வோம். உடையவர் என்ன செய்கிறார்? திருஷ்டி என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிறார். அதற்கும் நிற்காவிட்டால் பட்டறைக்குப் போகிறார். சில பட்டறைக்காரர்களோ மூடியைத் திறந்தும் பாராமல், கிளச்சை மாற்று, பம்பை மாற்று என்று ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். முன்னது மூடத்தனம் என்றால் பின்னது மட்டும் சாஸ்திரமா என்று கேட்கிறோம். பழமாவது சில்லறையோடு போகும்!

நடுக்கத்தின் காரணம் பரமரகசியமல்ல. பெட்ரோல் இஞ்சினில் மூன்றோ நான்கோ சிலிண்டர்கள் முறைவைத்துத் தீப்பற்றித் தள்ளுகின்றன. அவற்றில் ஒன்று பற்றாவிட்டால், நால்வர் சுமக்கும் பல்லக்கில் ஒருவன் தோளை எடுத்துக்கொண்ட கதைதான்.

எந்தச் சிலிண்டர் என்பதை இக்காலத்து வண்டி தானே சொல்லும். அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட முறை இது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகினால், பி0301 என்று காட்டுவது முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது. ஆனால் திருட்டு நடந்த வீட்டைத்தான் அது காட்டும், திருடனைக் காட்டாது. ஆகையால், சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியானால், இஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, முதலாவதன் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போடுங்கள். பழைய குறிப்பை அழித்துவிட்டு மறுபடி கிளப்புங்கள். குற்றம் பி0303க்கு நகர்ந்தால் காயில்தான் கெட்டது. நகராவிட்டால் பிளக்கையும் அவ்விதமே மாற்றிப் பாருங்கள். இதற்குத் தம்பிடி செலவுண்டா?

எல்லாச் சிலிண்டரும் சரியாகப் பற்றியும் நடுங்கினால், இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கைப் பார்க்க வேண்டும். கியர் போட்டு நகரும்போது மட்டும் நடுங்கினால்தான் கிளச்சைச் சந்தேகிப்பது நியாயம். நடுக்கத்தோடு வெண்புகை விடாமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கக்கூடும். அப்படியே ஓட்டினால் இஞ்சினே போய்விடும். இஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலும் வண்டியை ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கன்வெர்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். அதன் விலையோ காயிலைப்போல் பன்மடங்கு.

இதெல்லாம் படித்தவர்களுக்கல்லவா என்பார்கள் சிலர். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் தோழருக்கே இது முக்கியமென்போம். வண்டி நின்றால் அவர் வீட்டில் அடுப்பும் நிற்கும். பட்டறையில் அவர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: எந்தச் சிலிண்டர்? அதை எப்படிக் கண்டீர்கள்? பதில் சொல்லும் தொழிலாளிக்குக் கூலியைத் தாராளமாகக் கொடுக்கட்டும். சொல்லாதவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போகட்டும்.