மாடிப் பலகை 'கிறீச்' என்கிறதா?

எங்கள் கண்டமங்கலம் வீட்டு மாடி அறைக்கு மரப்பலகைத் தளம். மேலே தேங்காய்நார் விரிப்பு, நாலு ஓரமும் ஆணி அடித்திருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு வந்த என் பெண்ணுக்கு அங்கேதான் படுக்கை. ராத்திரி யார் எழுந்து நடந்தாலும் பலகை 'கிறீச்' என்னும். அப்போதுதான் கண்ணயர்ந்த பச்சைக் குழந்தை வீலென்று அலறும். பிள்ளை பெற்றவள் தூக்கம் கெட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

விரிப்பைப் பிரிக்காமலே சரி செய்தோம் சகோதரிகளே!

கோடையில் மரம் சுருங்கி ஆணி தளர்கிறது. பலகை உத்திரத்தில் உரசுகிற சத்தம்தான் அது. மேலே ஒருவரை நடக்கவிட்டு, கீழே நின்று காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் வரும் இடத்தில் சாக்கட்டியால் குறி போடுங்கள். உத்திரத்துக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில், மெல்லிய மர ஆப்பில் பசை தடவிச் செருகுங்கள். ஓங்கி அடித்தால் பலகை தூக்கிக்கொண்டு வேறு இடத்தில் கத்தும்!

இடுக்கு பெரிசானால் எல் ஆங்கிள் வைத்துத் திருகாணி போடலாம். 1 அங்குலப் பலகைக்குள் முக்கால் அங்குலத்துக்கு மேல் ஏறக் கூடாது. மீறினால் நுனி விரிப்பைத் தாண்டிக் காலில் குத்தும்.

முகப்பவுடர் தூவச் சொல்வார்கள். குழந்தை இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். தூள் மூச்சில் ஏறும்.

பலகையைத் தட்டினால் பொள்ளென்று கேட்கிறதா, மண்பூச்சு தெரிகிறதா? அது கறையான். ஆப்பு வைத்துச் சத்தத்தை அடக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். முதலில் அறையைக் காலி செய்யுங்கள், பிறகு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்றே ஆப்புதான். பேரன் இப்போது விடியும்வரை பாலுக்கு மட்டும்தான் எழுகிறான்!