நாற்பது நாள் வெறுந்தொட்டி

மூன்று வாரத்துக்கு முன்னால் அக்கா மகன் கோவையிலிருந்து கூப்பிட்டான். "சித்தி, தொட்டி வந்துருச்சு. நாலடி. வர்ற ஞாயித்துக்கிழமை டிஸ்கஸ் மீன் வாங்கிரட்டுமா?" குரலில் அப்படியொரு துள்ளல். "வாங்கு. ஆனா நாப்பது நாள் கழிச்சு வாங்கு" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

அவன் ஆசை எனக்குத் தெரியாததா? பதினோரு வருடத்துக்கு முன்னால் கொளத்தூரில் ஒரு கடையில் டிஸ்கஸை முதன்முதலாகப் பார்த்த அன்றே இரண்டை வாங்கிக்கொண்டு வந்தவள் நான். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான உடம்பு, சிவந்த கண், நீலமும் செம்மண் நிறமுமாக நெளிநெளியாகக் கோடுகள். வீட்டில் இருந்தது மூன்றடித் தொட்டி. அதில் ஏற்கெனவே ஏஞ்சல் மீன்கள். நான்கு வாரம் தாங்கவில்லை. இரண்டாவது மீன் உடம்பெல்லாம் கறுத்து, ஹீட்டருக்குப் பின்னால் மூலையைப் பார்த்துத் திரும்பி நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. சாப்பாடு போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான் என்னை வாட்டியது. தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு மீனையும் தொடுவதில்லை என்று அன்று முடிவுசெய்தேன்.

டிஸ்கஸ் அமேசான் படுகையின் மீன். பிரேசிலில் அதை அக்காரா டிஸ்கோ என்கிறார்கள். ரியோ நீக்ரோ ஆற்றில் நாட்டரர் என்ற ஆஸ்திரியர் பிடித்து அனுப்பிய மீனைப் பார்த்து, 1840-ல் விலங்கியலாளர் ஹெக்கல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நமக்கு அது அந்நியமில்லை. நம் ஏரிகளில் கிடைக்கிற ஜிலேபிக் கெண்டைக்கும் கேரளத்துக் கரிமீனுக்கும் அது ஒரே குடும்பத்துச் சொந்தம். ரியோ நீக்ரோவின் தண்ணீர், பால் ஊற்றாத தேநீர் போல இருக்கும். காட்டின் இலையும் கட்டையும் ஊறி ஊறி வந்த நிறம் அது. மழைக்காலத்தில் ஆறு பத்து மீட்டருக்கு மேல் உயர்ந்து காட்டுக்குள்ளேயே போய்விடும். மூழ்கிய கிளைகளுக்கு நடுவில் நுழைந்து திரும்பத்தான் அந்தத் தட்டை உடம்பு. மேலிருந்து கீழாக ஓடும் ஒன்பது பட்டைகளும் கிளை நிழலோடு நிழலாக அதை மறைத்துவிடும். அந்த ஆற்றங்கரையில் பார்சலோஸ் என்று ஓர் ஊர். ஆண்டுதோறும் அங்கே வண்ண மீன் திருவிழா நடக்கிறது. ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடும். ஓர் அணிக்குக் கார்டினல் டெட்ரா மீனின் பெயர், இன்னொன்றின் பெயர் அக்காரா டிஸ்கோ. மீனை விற்றுப் பிழைத்த ஊர், மீனுக்கு விழா எடுக்கிறது.

இதைப் படித்துவிட்டு, தொட்டியில் ரியோ நீக்ரோவையே கொண்டுவந்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. நம் கடைகளில் கிடைக்கும் டிஸ்கஸ்கள் பல தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. அந்த ஆற்றை அவற்றின் பாட்டன் பூட்டனும் பார்த்ததில்லை. கொளத்தூரில் எனக்குப் பாடம் சொன்ன பெரியவர் ஒருவர், மொட்டை மாடியில் வரிசையாகத் தொட்டி வைத்துக் குஞ்சு எடுப்பவர், முதலில் என்னிடம் கேட்டது இதைத்தான்: "மீன் அப்புறம் பாத்துக்கலாம்மா. உங்க வீட்ல என்ன தண்ணி? மெட்ரோவா, போரா?"

போர். மறுநாள், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தேன். 1100-ஐத் தாண்டி நின்றது. தன் தண்ணீர் 300-ஐ ஒட்டி இருக்கும் என்றார் அவர். "எந்தத் தண்ணில வளந்த மீனோ, அந்தத் தண்ணிக்குக் கிட்டத்துல குடுங்க. அது போதும்" என்றார். அன்றிலிருந்து போர் தண்ணீரை விட்டுவிட்டு, மெட்ரோ தண்ணீரோடு ஆர்ஓ தண்ணீரைக் கலந்து, 200 லிட்டர் நீல டிரம்மில் நிரப்பி, ஒரு நாள் முழுக்கக் காற்றுக்கல் ஓடவிட்ட பிறகே தொட்டிக்கு எடுக்கிறேன். குளோரின் அதற்குள் பறந்துவிடும். வெறும் ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் தப்பு. தாது உப்பே இல்லாத தண்ணீரில் பி.எச். ஒரு நிலையில் நிற்காது. 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. கொஞ்சம் கூடினாலும் பழகிக்கொள்ளும்; இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாறினால்தான் மீன் துவளும். முட்டையிலிருந்து குஞ்சு எடுக்க நினைப்பவர்களுக்கு மட்டும் மென்மையான தண்ணீர் கட்டாயம்.

அக்கா மகனுக்குச் சிறுவாணித் தண்ணீர். கொடுத்துவைத்தவன். உப்பு குறைந்த அந்த மலைத் தண்ணீருக்குச் சென்னைக்காரர்கள் ஏங்க வேண்டும். ஆனால் கோவையின் மார்கழி இரவு அவனைச் சோதிக்கும். டிஸ்கஸுக்கு 28-இலிருந்து 30 டிகிரி வேண்டும். கீழே இறங்கினால் சாப்பிடாது, நோய் உடனே பிடித்துக்கொள்ளும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 250 லிட்டர். பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதிலாக 200 வாட்டில் இரண்டு போடச் சொன்னேன். ஒன்று பழுதானால் இன்னொன்று காப்பாற்றும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைக்க மறந்தால் கண்ணாடி வெடிக்கும் என்பதையும் இரண்டு முறை சொன்னேன். சென்னைக்கு எதிர்ப்பாடம்: சித்திரை வைகாசியில் தொட்டி தானாகவே 33-க்குப் போகும், சூடான தண்ணீரில் காற்று தங்காது. மேல்பரப்புக்கு நேராக ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும்.

அந்த நாற்பது நாளுக்கு வருகிறேன். மீனின் கழிவும் மிச்சச் சாப்பாடும் தண்ணீரில் அம்மோனியாவாகிறது. அது விஷம், சூடான தண்ணீரில் இன்னும் கொடிய விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். வேறொரு வகை அதையும் மாற்றி, ஓரளவு தாங்கக்கூடிய நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டு கூட்டமும் ஸ்பாஞ்ச் ஃபில்டரின் துளைகளில் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகிறது. அதுவரை மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு, பாக்டீரியாவுக்குத்தான் சமைக்கிறோம். சோதனைக் குழாயில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிகிற நாளில்தான் கடைக்குக் கிளம்ப வேண்டும். நோயில்லாத, ஓடுகிற தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சை வாங்கி உள்ளே போட்டால் நாள் குறையும். அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவிவிடுகிறவர்கள் உண்டு. குளோரின் பட்டால் அவ்வளவு நாள் வளர்த்ததும் ஒரு நிமிடத்தில் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள்.

தொட்டியில் முதலில் மணலும் செடியும் வேண்டாம். அழகு குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெறும் கண்ணாடித் தரையில்தான் மிச்சச் சாப்பாடும் எச்சமும் கண்ணுக்குத் தெரியும், டியூபால் உறிஞ்சியெடுக்க முடியும். குஞ்சுகளுக்குத் தினமும் நான்கைந்து வேளை சாப்பாடு; அதனால் தினமும் பாதித் தண்ணீர் மாற்றம். காலை ஐந்தரை மணிக்கு நான் வெளியேற்றும் தண்ணீரெல்லாம் செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது. நைட்ரேட் ஊட்டிய அந்தக் கறிவேப்பிலைக்குத் தெருவே வந்து கை நீட்டும். இந்த வேலையைப் பாரமாக நினைப்பவர்கள் தயவுசெய்து கப்பி வளர்க்கட்டும். கப்பியும் அழகுதான். தண்ணீர் மாற்ற மனமில்லாத வீட்டில் டிஸ்கஸ் வாழாது.

எத்தனை வாங்குவது? ஆறு. இரண்டு வாங்கியதுதான் நான் செய்த முதல் தவறு. இவை கூட்டமாக வாழும் மீன்கள். கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்ற போட்டி ஓயாது. இரண்டு இருந்தால் ஒன்று மற்றதை நாள் முழுக்க முட்டும். ஆறு இருந்தால் அந்த முட்டல் பிரிந்துபோகும், யாருக்கும் தாங்கமுடியாமல் ஆகாது. இரண்டரை, மூன்று அங்குலக் குஞ்சுகளாக, ஆறையும் ஒரே இடத்தில் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். இரண்டு கடை மீன்களை ஒரே நாளில் ஒரே தொட்டியில் விட்டால், ஒரு கூட்டம் பழகிப்போன கிருமி இன்னொரு கூட்டத்தை அழித்துவிடும். பின்னால் எது வந்தாலும் ஒரு மாதமாவது தனித் தொட்டியில் இருக்கட்டும்.

கடையில் முதலில் கண்ணைப் பாருங்கள். உடம்போடு ஒப்பிட்டால் கண் பெரிதாகத் தெரிகிறதா? அப்படியானால் வயது ஏறியும் வளராமல் குன்றிப்போன மீன் அது. அது இனி வட்டமாகாது. நல்ல குஞ்சு தட்டு போல உருண்டையாக இருக்கும், இரண்டு செவுளாலும் நிதானமாக மூச்சு விடும், உங்களைப் பார்த்து ஒளியாமல் கண்ணாடிக்கு அருகில் வரும். "கொஞ்சம் சாப்பாடு போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். தயங்குகிற கடையில் வாங்காதீர்கள். எச்சம் வெள்ளை நூலாகத் தொங்கினால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். டர்க்காய்ஸ் வகைகளில் இரண்டு அங்குலக் குஞ்சு முழு நிறத்தோடு மின்னினால் எச்சரிக்கையாக இருங்கள். அந்த நிறம் மாதக்கணக்கில் மெல்ல ஏறுவது. சீக்கிரம் வரவைக்க ஹார்மோன் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிஜன் பிளட் வகை பிடித்திருந்தால், தொட்டியின் பின்புறம் வெளிர் நிறத்தில் இருக்கட்டும். இருண்ட பின்னணியில் அதன் உடம்பில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் வந்துவிடும்.

சாப்பாட்டில் ஆளுக்கொரு கட்சி. பீஃப் ஹார்ட் கலவைதான் வளர்த்திக்குச் சிறந்தது என்று பலர் சத்தியம் செய்வார்கள். கொழுப்பையும் நரம்பையும் துப்புரவாக எடுத்துவிட்டு, இறாலும் பசலைக்கீரையும் பூண்டும் சேர்த்து அரைத்து, பாலிதீன் பையில் அப்பளம் போல மெல்லியதாகத் தட்டி உறையவைப்பார்கள். மீன் அதற்குப் பறக்கும், மறுக்கவில்லை. ஆனால் பத்து நிமிடம் கிடந்தாலே தண்ணீர் கெடும். முதல் வருடம் நல்ல குருணைத் தீவனமும் உறையவைத்த ரத்தப்புழுவும் போதும். உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை மட்டும் வாங்காதீர்கள். சாக்கடைச் சேற்றில் வளர்வது, நோயையும் கூடவே கொண்டுவரும்.

2023 டிசம்பர் முதல் வாரம், சென்னையில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், இரண்டரை நாள் மின்சாரம் இல்லை. தொட்டியைச் சுற்றித் தெர்மாகோல் அட்டை, அதற்கு மேல் போர்வை. பேட்டரி ஏர் பம்ப் ஒன்றுதான் கையில். செல் தீர்ந்த பிறகு நானும் மகளும் முறை வைத்து, அரைமணிக்கு ஒரு தடவை மக்கில் மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றினோம். சாப்பாடு போடவே இல்லை. வேலை செய்யாத ஃபில்டரில் ஒரு பருக்கையும் விஷமாகும். என் ஆறு டிஸ்கஸில் ஒன்று போயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் பிரேசிலின் டெஃபே ஏரி வறட்சியில் சுண்டி, தண்ணீர் 39 டிகிரிக்கு மேல் கொதித்து, நூற்றுக்கும் அதிகமான டால்ஃபின்கள் செத்து மிதந்தன. பச்சை டிஸ்கஸுக்குப் பெயர் கொடுத்த ஏரி அது. அங்கே டிஸ்கஸின் வீட்டில் தண்ணீரில்லை; இங்கே தெருவெல்லாம் தண்ணீர், என் மீனுக்கு மூச்சில்லை. மக்கோடு உட்கார்ந்திருந்த அந்த இரவில் இந்த நினைப்பு என்னை விடவில்லை.

மீதி ஐந்தில் இரண்டு, அடுத்த ஆடியில் ஜோடி சேர்ந்தன. கவிழ்த்து வைத்திருந்த மண்தொட்டியில் முட்டை. மூன்றாம் நாள் பொரிந்து, இன்னும் மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கின. நீந்தி எங்கும் போகவில்லை; நேராகத் தாயின் விலாவில் போய் ஒட்டிக்கொண்டன. டிஸ்கஸ் குஞ்சுக்கு முதல் உணவு, பெற்றோரின் தோலில் சுரக்கும் பசைதான். தாய் அசையாமல் நிற்கிறது. கண்ணிமை அளவுகூட இல்லாத ஐம்பது அறுபது உயிர்கள் அதன் உடம்பைக் கொத்திக் கொத்தித் தின்கின்றன. அப்புறம் ஒரு சிலிர்ப்பு. குஞ்சுகள் சிதறும். அந்த நொடியில் தகப்பன் பக்கத்தில் வந்து நிற்கும், அத்தனையும் அதன் மேல் தாவும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முட்டையிடும் சமயத்தில் அந்தப் பசையில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுவதை அளந்து காட்டியிருக்கிறார்கள். மூன்றாம் வாரத்தில் பெற்றோர் குஞ்சுகளைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகி நீந்தத் தொடங்குகின்றனவாம். பால் மறக்கடிப்பதுதான். அதையும் என் தொட்டியில் பார்த்தேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் அன்று காலை டிபனை மறந்துவிட்டோம்.

நேற்று ராத்திரி கோவையிலிருந்து ஒரு படம் வந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்த இரண்டு சோதனைக் குழாய்கள். அம்மோனியாக் குழாயின் பச்சை வெளுத்து மஞ்சளை நெருங்கியிருந்தது. பக்கத்தில் நைட்ரைட் நல்ல ஊதா. கீழே "சித்தி, இருபத்தோராவது நாள். ஊதா எப்ப போகும்?" என்று எழுதியிருந்தான். ரெண்டு வாரம் ஆகும், சிட்டிகைத் தீவனத்தை நிறுத்தாதே என்று பதில் போட்டுவிட்டு, நாளைக் காலைத் தண்ணீருக்கு டிரம்மில் காற்றுக்கல்லை இறக்கினேன்.