அநுமன் தலைக்கு அளவு எடுத்தல்

சென்ற ஆண்டு விழாவில் நம் சங்கத்தார் நடித்த சுந்தர காண்ட நாடகத்தை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரவலாக வந்த அநுமன் தலை நம் மைத்துனனின் தலையினும் பெரிது. அசோகவனத்தில் தாவிய வேகத்தில் அது கால் வட்டம் திரும்பிவிட்டது. கண் துளை காதருகே சென்றுவிட, பிராட்டியைக் காண வந்த தூதன் மிருதங்கக்காரர் மடியில் வீழ்ந்தான். சபையோர் சிரித்தனர், பையனின் முழங்கை வீக்கம் தணியப் பத்து நாட்களாயின. நாடாவினால் சுற்றளவு பார்த்து, "பொருந்தும்" என்று சொன்னவர் நாமே. ஆதலின் இவ்வாண்டு வேறு வழி காணும் கடன் நம்மைச் சார்ந்தது.

சுற்றளவு ஒன்றே தலையின் அளவு அன்று. 22 அங்குலத் தலைகள் இரண்டனுள் ஒன்று நீண்டும், மற்றொன்று உருண்டும் இருக்கலாம். எனவே உயிருள்ள தலையிலேயே அச்செடுத்து, அவ்வச்சில் பிளாஸ்டர் வார்த்து, அப்பிளாஸ்டர்த் தலையின் மேல் வேடத்தை அமைப்பதே தக்கது. இஃது ஒன்றும் புதுமையன்று. 1860-இல் சிகாகோ நகரில் லியோனார்டு வோல்க் என்னும் சிற்பி ஆபிரகாம் லிங்கனின் முகத்திலேயே பிளாஸ்டரைப் பூசி அச்செடுத்தார். இறுகிய அச்சை லிங்கன் தம் கையாலேயே கழற்றியபோது, பொட்டு மயிர் சிலவும் உடன் பிடுங்கிக்கொண்டு வந்தனவாம்.

நமக்கு அத்துன்பம் வேண்டுவதில்லை. பல் வைத்தியர்கள் அச்செடுக்கும் ஆல்ஜினேட் பொடி இருக்கிறது. பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருளால் ஆனது அது. அத்தகைய பாசி மன்னார் வளைகுடாவிலும் விளைகிறது என்று கேட்டு, "சேதுக்கரைச் சரக்கு அநுமனைக் கைவிடுமா?" என்றாள் நம் இல்லாள்.

முதல் முயற்சியில் கைவிட்டது. பல்லுக்குரிய பொடி இரண்டு மூன்று நிமிடங்களில் இறுகிவிடும். முழுத் தலைக்கு அந்நேரம் போதாது. பாதி பூசுமுன் மீதி பாத்திரத்திலேயே கெட்டிப்பட்டது. இதற்கென மெதுவாக இறுகும் வகை விற்கிறது; குளிர்ந்த நீரில் கரைத்தால் இன்னும் சற்று அவகாசம் கிடைக்கும்.

மறு ஞாயிறன்று மைத்துனனுக்கு ரப்பர்த் தொப்பி அணிவித்து மயிரை மறைத்தோம். புருவத்திலும் இமையிலும் வாசலைன் தடவினோம். நெற்றியிலிருந்து கீழ்நோக்கி விரல் பருமனுக்குக் கலவையைப் பூசி, நாசித் துளை இரண்டையும் திறந்தே விட்டோம். அவற்றைக் கண் இமையாமல் காப்பதற்கென்றே ஒருவரை அமர்த்தினோம். அவருக்கு வேறு வேலை கொடுக்கலாகாது. கலவை இறுகியதும், எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர்த் துணியை நனைத்து மேலே ஒட்டத் தொடங்கினோம்.

அப்போது பையனின் கை நடுங்கிற்று. கண்ணும் செவியும் வாயும் அடைபட்ட நிலையில், மூச்சு நன்றாக ஓடினாலும் மனம் அஞ்சும் போலும். இரு விரலை உயர்த்தினால் எடுத்துவிடுவோம் என்று முன்பே வாக்களித்திருந்தோம். விரல்கள் உயர்ந்தன. விலை கொடுத்து வாங்கிய பொடி ஆயிற்றே என்று ஒரு கணம் நாம் தயங்கியதை மறைப்பதற்கில்லை. இல்லாள் தயங்கவில்லை, தம்பி முகத்திலிருந்து அனைத்தையும் ஒரே இழுப்பில் எடுத்தெறிந்துவிட்டாள்.

அரைமணி கழித்து, "அத்தான், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் மறுபடி உட்காருகிறேன்" என்றான் அவன். இம்முறை பிடரியை முன்னதாகவே முடித்து, ஓரத்தில் வாசலைன் தடவிவிட்டு, முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டோம். முகம் மூடியிருந்தது பதினைந்து நிமிடமே. குனிந்து கன்னத்தைச் சுளித்ததும் அச்சு நழுவி வந்தது. ஆல்ஜினேட் உலர உலரச் சுருங்குமாதலால், இரு பாதிகளையும் இணைத்துக் கட்டி, உடனே பிளாஸ்டரை ஊற்றினோம்.

ஓர் எச்சரிக்கை. கெட்டியான பிளாஸ்டர்க் குழம்பில் கையையோ முகத்தையோ புதைக்கலாகாது. இறுகும்போது அது கடுமையாகச் சூடேறும். 2007-இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளியின் சித்திர வகுப்பில், பிளாஸ்டரில் கைகளை அமிழ்த்திய மாணவி விரல்களிற் பெரும்பாலானவற்றை இழந்தாள். சங்கப் பிள்ளைகள் பெரியோர் துணையின்றி இதில் இறங்க வேண்டாம்.

பிளாஸ்டர்த் தலை கிடைத்தவுடன் வேலை முடிந்ததென எண்ணியதும் பிழையே. அதன் மேல் காகிதத்தை நேரே ஒட்டினால், பஞ்சுக்கும் காற்றுக்கும் இடமிராது. அரை அங்குலக் களிமண்ணை மேலே அப்பி, அதன்பின் காகிதம் ஒட்டவேண்டும். இன்னொன்று, கழுத்துக்கு அளவாக வாய் வைத்தால் மூக்கும் பிடரியும் அதனுள் நுழையமாட்டா. ஆகவே காதோரமாக இரண்டாக அறுத்து, மேலே கீல் வைக்க எண்ணியுள்ளோம்.

இப்போது அத்தலை நம் அலமாரியின் மேல் கண்மூடி வீற்றிருக்கிறது. மைத்துனன் அதைப் பார்ப்பதில்லை. அண்டை வீட்டுக் குழந்தை நேற்று அதற்கு விபூதி இட்டுவிட்டுப் போயிற்று. களிமண் அப்புமுன் துடைக்கவேண்டும்.